பிக்கப் வண்டிக்கான மேம்பட்ட ஷாக் அப்சார்பர்கள்: சுமை, வெப்பம், நீளம்

காரின் ஷாக் அப்சார்பரை மாற்றுவதும் பிக்கப் வண்டியின் ஷாக் அப்சார்பரை மாற்றுவதும் வெளிப்பார்வைக்கு ஒரே வேலைபோல் தோன்றினாலும், இரண்டின் பின்னாலுள்ள கணக்கு வேறு. காரில் ஓட்டுநர் தனியாகச் சென்றாலும் குடும்பத்துடன் சென்றாலும் பின்சக்கரங்களின் மேல் விழும் எடை ஓரளவுக்கு மேல் மாறுவதில்லை. பிக்கப்பிலோ, காலையில் காலித் தொட்டியுடன் கிளம்பிய வண்டி மாலையில் ஒரு டன்னை நெருங்கும் சுமையுடன் திரும்பக்கூடும். அதே ஸ்பிரிங்கும் அதே ஷாக் அப்சார்பரும் இரண்டு நிலைகளுக்கும் ஈடுகொடுத்தாக வேண்டும். ஆனால் இப்பொருளை வாங்குவோரிடையே நடக்கும் விவாதம் பெரும்பாலும் எந்த நிறுவனம் சிறந்தது, வண்டியை எத்தனை அங்குலம் உயர்த்தலாம், தனிக் கலம் பொருத்திய வகை தேவையா என்ற அளவிலேயே நின்றுவிடுகிறது. அவற்றுக்கு விடை தேடுமுன், பின் அச்சின்மேல் உண்மையில் ஏறும் எடை எவ்வளவு, எண்ணெயில் எவ்வளவு வெப்பம் பிறக்கிறது, பொருத்துமிடத்தின் நீளம் எவ்வளவு என்ற மூன்றையும் அறிந்துகொள்வது இன்றியமையாதது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

முதலில் அடிப்படையைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். பிக்கப்பின் முன்புறத்தில் அது பெரும்பாலும் சுருள் வடிவிலும், பின்புறத்தில் தமிழ்நாட்டுப் பட்டறைகளில் கமான் பட்டை என்று வழங்கும் அடுக்குப் பட்டை வடிவிலும் அமைந்திருக்கும். சக்கரம் மேட்டில் ஏறும்போது ஸ்பிரிங் அமுங்கி ஆற்றலைச் சேமிக்கிறது. சேமித்ததைத் திருப்பித் தரும்போது வண்டியின் உடலை மேலே தள்ளுகிறது. தடுப்பார் இல்லையென்றால் இந்த மேலும் கீழுமான ஆட்டம் பல முறை தொடரும். அந்த ஆட்டத்தின் ஆற்றலை எண்ணெயின் வழியாக வெப்பமாக மாற்றி வெளியேற்றுவதுதான் ஷாக் அப்சார்பரின் பணி. எண்ணெய் நிரம்பிய உருளைக்குள் ஒரு தண்டின் முனையிலுள்ள பிஸ்டன் நகரும். பிஸ்டனிலுள்ள சிறு துளைகளின் வழியே எண்ணெய் நெருக்கிக்கொண்டு பாயும்போது எழும் எதிர்ப்பே தணிப்பு விசை எனப்படும். தண்டு எவ்வளவு வேகமாக நகர்கிறதோ அதற்கேற்ப இவ்விசை கூடும். தண்டு அசையாமல் நிற்கும்போது தணிப்பு விசையே இருக்காது. ஆகவே, புதிய ஷாக் அப்சார்பர் மாட்டினால் வண்டி கூடுதல் சுமை தாங்கும் என்று பரவலாக நிலவும் எண்ணத்துக்கு எந்த ஆதாரமும் இல்லை.

இக்கருவியின் வரலாறு நூறாண்டைத் தாண்டியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒன்றோடொன்று உரசும் தட்டுகளால் ஆட்டத்தைக் கட்டுப்படுத்தும் ட்ரஃபோ–ஹார்ட்ஃபோர்ட் வகையும், பட்டையைச் சுருட்டி இழுத்துப் பிடிக்கும் கேப்ரியேல் வகையும் புழக்கத்தில் இருந்தன. பிரெஞ்சுக்காரரான மோரிஸ் ஊதாய் உருவாக்கிய, எண்ணெயால் இயங்கும் நெம்புகோல் வகையை ஃபோர்டு நிறுவனம் தன் மாடல் ஏ வண்டிகளில் பொருத்தியது. இன்று காணும் நீள்குழாய் வடிவம் அதன்பின் பரவியது. ஊதாயைப் போலவே பிரெஞ்சுக்காரரான கிறிஸ்தியான் பூர்சியே த கார்போன், எண்ணெயையும் அழுத்தமேற்றிய வாயுவையும் மிதக்கும் பிஸ்டன் ஒன்றால் பிரித்துவைக்கும் ஒற்றைக்குழாய் முறையை 1950களில் வகுத்தார். அதை ஜெர்மனியின் பில்ஸ்டைன் நிறுவனம் 1957 முதல் மெர்சிடிஸ் பென்ஸ் வண்டிகளுக்காகத் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்தது. கேப்ரியேல் என்னும் பெயர் இந்தியப் பட்டறைகளுக்குப் புதிதன்று. 1961இல் தொடங்கப்பட்ட கேப்ரியேல் இந்தியா நிறுவனத்துக்கு ஒசூரிலும் ஆலை உண்டு.

சுமையின் விளைவை எண்களால் பார்த்தால்தான் அதன் பருமன் விளங்கும். அதற்கு முன் தணிப்பு விகிதம் என்ற அளவை அறிந்துகொள்ள வேண்டும்: ஆட்டம் ஒரு முறைகூட மறுபக்கம் தாண்டாமல் நேராக நிலைக்குத் திரும்பத் தேவையான தணிப்பை 1 என்று கொண்டால், சாலை வண்டிகள் பொதுவாக 0.2 முதல் 0.4 வரையிலான பகுதியில் இயங்குகின்றன. இதைவிடக் குறைந்தால் வண்டி படகுபோல் மிதக்கும். மிகுதியாகக் கூடினால் சாலையின் ஒவ்வொரு வெடிப்பும் இருக்கையில் தெரியும். இந்த விகிதம், ஸ்பிரிங்கின் விறைப்பையும் அது தாங்கும் எடையையும் பெருக்கி வரும் தொகையின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் அமையும். காலியாக இருக்கும்போது பின் ஸ்பிரிங்குகள் 700 கிலோ தாங்குகின்றன, உடல் வினாடிக்கு 2 முறை ஆடுகிறது, தணிப்பு விகிதம் 0.40 என்று எடுத்துக்காட்டுக்காகக் கொள்வோம். அச்சுக்கு நேர்மேலே 900 கிலோ ஏற்றினால் வண்டியின் பின்பகுதி சுமார் 8 செ.மீ. அமிழும், ஆட்டம் வினாடிக்கு 1.3 முறையாகக் குறையும். தணிப்பு விகிதம் ஏறக்குறைய 0.26க்கு இறங்கிவிடும். சுமையில் மட்டும் தொட்டு வேலை செய்யும் துணைப் பட்டை ஸ்பிரிங்கின் விறைப்பை ஒன்றரை மடங்காக்கினால் விகிதம் 0.22 அளவுக்குச் சரியும். அதாவது காலி வண்டியில் சற்று முரடாகத் தோன்றிய அதே ஷாக் அப்சார்பர், சுமை ஏறியவுடன் போதாமையின் விளிம்புக்கு வந்துவிடுகிறது. பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதாலும் ஓரளவு தணிப்பு கிடைக்கிறது என்பது உண்மையே. ஆனால் அந்த உராய்வு துருவுக்கும் சேற்றுக்கும் மசகுக்கும் ஏற்ப நாளுக்கு நாள் மாறுவதால் அதை நம்பிக் கணக்கிட முடியாது.

இந்தக் கணக்கிலிருந்து நடைமுறை முடிவு ஒன்று பிறக்கிறது. தமிழ்நாட்டின் சரக்கு வண்டிகளில் கூடுதல் பட்டை சேர்த்துக் கட்டுவது பட்டறைகளில் அன்றாட வேலை. பட்டை சேர்த்தபின் ஷாக் அப்சார்பரைப் பற்றி எவரும் நினைப்பதில்லை. பட்டை சேர்ந்தால் ஸ்பிரிங் விறைக்கிறது. விறைத்த ஸ்பிரிங் அதிக ஆற்றலுடன் திருப்பி எறிகிறது. அதைப் பிடித்து நிறுத்த வேண்டிய ஷாக் அப்சார்பர் மட்டும் பழைய அளவிலேயே நிற்கிறது. காலி வண்டி குதிப்பதற்கும் பின் டயர் ஆங்காங்கே குழிவிழுந்து தேய்வதற்கும் இது ஒரு முக்கியக் காரணம். ஸ்பிரிங்கை மாற்றினால், விரியும் திசையில் கூடுதல் தணிப்புள்ள ஷாக் அப்சார்பரையும் சேர்த்தே தேர்ந்தெடுப்பது முறை. இதற்கு நேர்மாறாக, ஷாக் அப்சார்பருக்குள்ளேயே காற்றை நிரப்பிப் பின்பகுதியைத் தூக்கிநிறுத்தும் வகைகளும் விற்கப்படுகின்றன. சிறு சுமைக்கு அவை பயன்படலாம். ஆனால் ஸ்பிரிங் தாங்க வேண்டிய எடையின் ஒரு பகுதி, ஆட்டத்தைத் தடுப்பதற்காக மட்டுமே வடிவமைக்கப்பட்ட தாங்கிகளின்மேல் ஏறுவதால், கனத்த வேலைக்கு அவை ஏற்றவை அல்ல. ஆஸ்திரேலியாவில் அனுமதிக்கப்பட்ட மொத்த எடையை உயர்த்துவதற்கென்று சான்றுபெற்ற தொகுப்புகள் கிடைக்கின்றன. அவற்றில் ஷாக் அப்சார்பர்களுடன் ஸ்பிரிங்குகளும் சேர்ந்தே வருவது தற்செயல் அன்று.

இழுவண்டி பூட்டும் பழக்கமுள்ள நாடுகளில் இன்னொரு குழப்பமும் காணப்படுகிறது. இழுவண்டியின் மூக்கு, பின் அச்சுக்கும் பின்னாலுள்ள கொக்கியை அழுத்துவதால், நெம்புகோல் விளைவில் முன் அச்சின் எடை குறைந்து ஸ்டியரிங் இலேசாகிறது. இதற்கு மருந்து சுமையை முன்னுக்குப் பகிரும் கொக்கியும் சரியான பின் ஸ்பிரிங்குமே. ஷாக் அப்சார்பரால் தலையாட்டத்தைக் குறைக்க முடியுமே ஒழிய எடையை இடம் மாற்ற முடியாது.

இனி கட்டமைப்பு. பெரும்பாலான பிக்கப்புகள் ஆலையிலிருந்து வரும்போது இரட்டைக்குழாய் வகையுடன் வருகின்றன. இதில் பிஸ்டன் உள்குழாயில் ஓடும். வெளிக்குழாய் எண்ணெயின் சேமிப்பறை. தண்டு உள்ளே புகும்போது இடம்பெயரும் எண்ணெய், அடியிலுள்ள வால்வின் வழியே வெளியறைக்குச் செல்லும். இவ்வகை மலிவானது, மென்மையானது, நெடுங்காலம் உழைப்பது. வெளிக்குழாயில் கல் பட்டு நசுங்கினாலும் உள்ளே பிஸ்டன் தடையின்றி ஓடிக்கொண்டிருக்கும். குறையும் இதன் அமைப்பிலேயே இருக்கிறது. சேமிப்பறையில் எண்ணெயும் வாயுவும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதால், இடைவிடாத அதிர்வில் எண்ணெய் நுரைக்கிறது. நுரைத்த எண்ணெய் அமுங்கக்கூடியது என்பதால் எதிர்ப்பு திடீரெனத் தளர்கிறது. குறைந்த அழுத்த நைட்ரஜன் நிரப்புவதால் இக்குறை தணியுமே தவிர மறைவதில்லை. ஆஸ்திரேலியாவின் ஓல்டு மேன் ஈமு நிறுவனத்தின் நைட்ரோசார்ஜர், கனமான சுவரும் தடித்த தண்டும் கொண்ட இரட்டைக்குழாய் வகை இன்னும் மதிக்கப்படுவதற்குச் சிறந்த சான்று.

ஒற்றைக்குழாய் வகையில் எண்ணெயும் வாயுவும் மிதக்கும் பிஸ்டனால் பிரிக்கப்படுகின்றன. நைட்ரஜனின் அழுத்தம் பொதுவாக 20 பார் அளவிலோ அதற்கு மேலோ இருக்கும். நுரைக்க வழியில்லாததால் எதிர்ப்பு நிலையாக இருக்கிறது. குழாயின் சுவர் நேரடியாகக் காற்றைத் தொடுவதால் வெப்பமும் விரைவில் வெளியேறுகிறது. பிஸ்டனுக்கான இடமும் கூடுகிறது: இரட்டைக்குழாயில் வழக்கமான 35 மி.மீ. பிஸ்டனின் பரப்பு 9.6 சதுர செ.மீ. என்றால், பில்ஸ்டைன் 4600, 5100 வரிசைகளில் காணும் 46 மி.மீ. பிஸ்டனின் பரப்பு 16.6 சதுர செ.மீ. ஆகும். பரப்பு பெரிதானால் அதே விசையைக் குறைந்த அழுத்தத்திலேயே பெறலாம் என்பதால், மிகச் சிறிய அசைவுக்கும் அது உடனே பதில் தருகிறது. உயரழுத்த வாயு தண்டை எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டிருப்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும்: 14 மி.மீ. தண்டும் 20 பார் அழுத்தமும் உள்ள ஷாக் அப்சார்பர் ஒன்று ஏறத்தாழ 31 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் விரிய முயலும். புதிதாக மாட்டிய வண்டி சில மில்லிமீட்டர் உயர்ந்து நிற்பதற்கு இதுவே காரணம், வண்டி ‘பலம்’ பெற்றுவிட்டது என்பதன்று. ஒற்றைச் சுவர் என்பதால் கல் பட்டு ஏற்படும் ஆழமான நசுங்கலே பிஸ்டனைச் சிக்கவைத்துவிடும். பாறை நிலத்தில் ஓட்டுவோர் இதைப் பொருட்படுத்தாமல் ஒற்றைக்குழாயே உயர்ந்தது என்று பொதுவிதி வகுத்துவிட முடியாது.

ஆயினும் குழாய் ஒன்றா இரண்டா என்பதைவிட முக்கியமானது வால்வின் அமைப்பு. அதுதான் விளம்பரங்களில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும்கூட. பிஸ்டனின் துளைகளை மூடியிருக்கும் மெல்லிய எஃகு வட்டத்தகடுகள், எண்ணெயின் அழுத்தத்தில் வளைந்து வழிவிடுகின்றன; தகடுகளின் எண்ணிக்கையும் தடிமனும் மாறினால் ஷாக் அப்சார்பரின் குணமே மாறும். வண்டியின் உடல் வளைவில் சாய்வது, பிரேக் பிடிக்கையில் மூக்கு குனிவது போன்ற அசைவுகளில் தண்டு மிக மெதுவாக நகர்கிறது; குழியில் சக்கரம் விழும்போது அதே தண்டு பல மடங்கு வேகத்தில் பாய்கிறது. மெதுவான அசைவில் உறுதியாகப் பிடித்து, வேகம் கூடக்கூட எதிர்ப்பின் ஏற்றத்தைக் குறைத்துக்கொள்ளும் அமைப்பு சாலையோட்டத்துக்கும் சுமைக்கும் பொருந்தும்; வேகத்தோடு எதிர்ப்பும் மேலும் மேலும் செங்குத்தாக ஏறும் அமைப்பு, குதித்து விழும் பாலைவன ஓட்டத்துக்கு உதவும். சுருங்கும் திசையைவிட விரியும் திசையில் இரண்டு, மூன்று மடங்கு எதிர்ப்பு வைப்பதும் பொது வழக்கம். ஏனெனில் சுருங்கும்போது ஸ்பிரிங்கே உடன்நின்று தடுக்கிறது, விரியும்போதோ அதன் தள்ளுதலையும் ஷாக் அப்சார்பர் தனியாகவே எதிர்கொள்ள வேண்டும். விரியும் திசையின் எதிர்ப்பு அளவு மீறினால் வேறொரு கோளாறு தோன்றும்: தொடர்ச்சியான மேடுகளில் சக்கரம் கீழே இறங்கி முடிப்பதற்குள் அடுத்த மேடு வந்துவிட, வண்டி படிப்படியாகத் தாழ்ந்து இறுதியில் ரப்பர் தடுப்பில் மோதும். ‘எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு நல்லது’ என்று நினைத்து வாங்குவோர் காண்பது பெரும்பாலும் இந்த நிலையையே. விசைக்கும் வேகத்துக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் வரைபடத்தைத் தயாரிப்பாளர் தருவாராயின், விளம்பரத் தாளின் மற்றப் பக்கங்களை விட்டுவிட்டு அதை மட்டும் படித்தால் போதும்.

வெப்பத்தின் கணக்கு, மண் சாலையில்தான் தெளிவாகப் புலப்படும். ஆஸ்திரேலியாவின் உட்பகுதியிலும் மெக்சிகோவின் பாகா கலிஃபோர்னியாவிலும், வண்டிகள் ஓடி ஓடி நெளிதகரம்போல் வரிவரியாகிப்போன மண் பாதைகள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீள்கின்றன. வரிகளுக்கு இடையே 80 செ.மீ. இடைவெளி, வேகம் மணிக்கு 72 கி.மீ. என்று கொண்டால், சக்கரம் வினாடிக்கு 25 முறை குலுங்கும்; ஒரு மணி நேரத்தில் அது 90,000 முறை. ஒவ்வொரு குலுக்கலிலும் தண்டு ஒரு செ.மீ. உள்ளே போய் ஒரு செ.மீ. வெளியே வருகிறது, சராசரி எதிர்ப்பு 600 நியூட்டன் என்று குறைத்தே வைத்தாலும், ஒவ்வொரு ஷாக் அப்சார்பரும் இடைவிடாமல் 300 வாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. இது வீட்டு இஸ்திரிப் பெட்டியின் பாதித் திறனுக்குச் சற்றுக் குறைவு. வெப்பம் ஏறினால் எண்ணெய் நீர்த்துப்போகும், எதிர்ப்பு குறையும், முத்திரை வளையங்கள் இறுகி வெடிக்கும். தனிக் கலம் பொருத்திய ஷாக் அப்சார்பர்களின் பயன் இங்குதான் இருக்கிறது: மிதக்கும் பிஸ்டனையும் வாயுவையும் வெளியிலுள்ள கலத்துக்கு மாற்றிவிடுவதால் எண்ணெயின் அளவு கூடுகிறது, வெப்பம் ஏறும் நேரம் நீள்கிறது, உருளைக்குள் தண்டு நகர்வதற்கு முழு நீளமும் கிடைக்கிறது. நகரச் சாலையிலும் நெடுஞ்சாலையிலும் மட்டுமே ஓடும் வண்டியில் எண்ணெய் அந்த அளவுக்குச் சூடேறுவதே இல்லை. அங்குக் கலம் வெறும் அலங்காரம். வரிப்பாதையில் டயர் காற்றைக் குறைத்து வேகத்தையும் குறைப்பது, கலத்துக்குச் செலவிடும் தொகையில் பெரும்பகுதியை மிச்சப்படுத்தும் என்பதை அங்கு ஓட்டிப் பழகியோர் அறிவர்.

இத்துறையின் உச்சிக்கு எடுத்துக்காட்டாகக் கூறத்தக்கது, 2010ஆம் ஆண்டு மாதிரியாக வந்த ஃபோர்டு எஃப்-150 ராப்டர். ஃபாக்ஸ் நிறுவனத்தின் இரண்டரை அங்குல ஷாக் அப்சார்பர்களுடன் அது ஆலையிலிருந்தே வந்தது. 2017இல் விட்டம் மூன்று அங்குலமானது. அவற்றின் உள்சுவரில் உள்ள வழிகள், பயணத்தின் நடுப்பகுதியில் எண்ணெய் பிஸ்டனைச் சுற்றிக்கொண்டு போக இடந்தருகின்றன. தண்டு இரு முனைகளை நெருங்கும்போது அவ்வழிகள் அடைபட்டு எதிர்ப்பு கூடுகிறது. சாதாரண ஓட்டத்தில் மென்மை, குதித்து விழுகையில் உறுதி என்ற இரண்டும் இவ்வாறு ஒரே கருவியில் கிட்டுகின்றன. 2017இல் வந்த ஷெவ்ரலே கொலராடோ இசட்ஆர்2, வட்டத்தகடுகளை விடுத்து, கனடாவின் மல்டிமாடிக் நிறுவனம் உருவாக்கிய, துல்லியமாக வெட்டிய சாளரங்களுள்ள வால்வுகளை ஏற்றது. 2019 ராப்டரிலிருந்து மின்னணுவால் எதிர்ப்பை மாற்றும் முறையும் சேர்ந்தது. இத்தகைய வண்டிகளில் மின்னிணைப்புள்ள ஷாக் அப்சார்பரைக் கழற்றிச் சாதாரண வகையை மாட்டினால் எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கும் என்பதால், மாற்றுவதற்கு முன் அதற்கான வழியையும் தேடிக்கொள்ள வேண்டியிருக்கும். மேலே கூறிய வண்டிகளின் அச்சு, சக்கரத்தைத் தாங்கும் கரம், சேசிஸ் அனைத்தும் குதித்து விழும் ஓட்டத்துக்கென்றே மாற்றி அமைக்கப்பட்டவை. ஷாக் அப்சார்பரை மட்டும் பெயர்த்துச் சரக்கு வண்டியில் மாட்டுவதால் ராப்டர் பிறந்துவிடாது.

காலிக்கும் சுமைக்கும் இடையிலுள்ள முரண்பாட்டுக்கு மிக எளிய விடை, எதிர்ப்பைக் கையால் மாற்றத்தக்க வகைதான். ராஞ்சோ நிறுவனத்தின் ஆர்எஸ்9000எக்ஸ்எல் வகையில் உடலிலுள்ள குமிழைத் திருகி ஒன்பது நிலைகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். ஒற்றைக்குழாய் வகை அல்லாவிட்டாலும், வாரத்தில் ஐந்து நாள் காலியாகவும் இரண்டு நாள் முழுச் சுமையுடனும் ஓடும் வண்டிக்கு, நிலையான வால்வு கொண்ட விலையுயர்ந்த ஒற்றைக்குழாயைவிட இதுவே பொருத்தமானது. இதன் குறை பெரும்பாலும் மனிதர் சார்ந்தது. முதல் மாதத்துக்குப் பின் எவரும் வண்டிக்கடியில் குனிந்து குமிழைத் தொடுவதில்லை. தொட்டியில் நிரந்தரமாகக் கூடாரமோ கருவிப்பெட்டியோ சுமந்து செல்லும் வண்டிக்கு இந்தச் சிக்கலே எழுவதில்லை. எடை மாறாததால் அதற்கேற்ற ஒரே வால்வு போதும். முன்புறத்தில் எஃகுத் தடுப்புச் சட்டமும் வின்ச்சும் பொருத்தியவர்கள் அந்தக் கூடுதல் எடையை முன் ஸ்பிரிங் வாங்கும்போதே விற்பவரிடம் சொல்லியாக வேண்டும்.

நீளம் பற்றிய பிழைதான் பணத்தை மிக விரைவாக வீணாக்குகிறது. ஒவ்வொரு ஷாக் அப்சார்பருக்கும் முழுதாக விரிந்த நீளம், முழுதாகச் சுருங்கிய நீளம் என இரண்டு அளவுகள் உண்டு. சுருங்கிய நீளம், அச்சு ரப்பர் தடுப்பில் முட்டி நன்கு அமுங்கியபின்னும் எஞ்சும் இடைவெளியைவிடக் குறைவாக இருக்க வேண்டும். இல்லையெனில் வண்டியின் முழு எடையும் ஷாக் அப்சார்பரின் அடித்தளத்தில் இடித்து, வால்வையோ தாங்கியையோ உடைக்கும். விரிந்த நீளம் போதாவிட்டால், சக்கரம் கீழே தொங்கும்போது அச்சின் எடையைத் தண்டு இழுத்துப் பிடிக்க நேரும். உயர்த்தப்படாத வண்டிக்கு உயர்த்திய வண்டியின் ஷாக் அப்சார்பரை மாட்டுவது முதல் பிழைக்கும், உயர்த்திய வண்டியில் பழைய நீளத்தையே விட்டுவைப்பது இரண்டாவது பிழைக்கும் கொண்டுபோய்விடும். பல பிக்கப்புகளில் பின்புற ஷாக் அப்சார்பர்களில் ஒன்று அச்சுக்கு முன்னாலும் மற்றொன்று பின்னாலும் சாய்த்துப் பொருத்தப்பட்டிருக்கும். வேகமாகக் கிளம்பும்போது அச்சு முறுக்கிக்கொண்டு துள்ளுவதைத் தடுப்பதற்கான ஏற்பாடு அது என்பதால், இடது வலது அளவுகளைத் தனித்தனியே சரிபார்க்க வேண்டும்.

முன்புறத்தில், ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தொகுப்பாக அமைந்த வண்டிகளில், ஸ்பிரிங்கைத் தாங்கும் தட்டை மேலே நகர்த்தி வண்டியை உயர்த்தும் வசதியைப் பில்ஸ்டைன் 5100 போன்றவை தருகின்றன. கரத்தின் நெம்புகோல் அமைப்பினால் தட்டு ஒரு செ.மீ. உயர்ந்தால் வண்டி ஏறத்தாழ இரண்டு செ.மீ. உயரும். உயரும் அளவுக்குச் சக்கரம் கீழே இறங்குவதற்கான மிச்சம் குறைகிறது. அச்சுத்தண்டின் மூட்டுகள் கூடுதல் கோணத்தில் சுழல்கின்றன. சக்கரக் கோணங்கள் மாறுகின்றன. 5 செ.மீ. அளவுக்கு மேல் போனால் மேற்கரத்தையும் மாற்றாமல் கோணங்களைச் சரிசெய்வது பல வண்டிகளில் இயலாது. இந்தியாவில் சட்டத்தின் பார்வையும் உண்டு: 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழின் விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது; உச்ச நீதிமன்றமும் 2019இல் இதை வலியுறுத்தியது. சென்னைக்கு அருகே ஸ்ரீசிட்டியில் உருவாகும் இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ், 2022 முதல் இந்தியாவில் விற்கப்படும் டொயோட்டா ஹைலக்ஸ் ஆகியவற்றின் உரிமையாளர்கள் ஆஸ்திரேலியத் தொகுப்புகளைப் பார்த்து ஆசைப்படும்போது, உயரத்தை மாற்றாமல் அதே நீளத்தில் தரமான ஷாக் அப்சார்பரை மாட்டுவதோடு நின்றுகொள்வது பாதுகாப்பானது.

பராமரிப்பில் இரு வழிகள் உள்ளன. மூடிய வகைகள் பழுதானால் தூக்கியெறியப்பட வேண்டியவை. கிங், ஃபாக்ஸ் போன்றவற்றின் உயர்வகைகள் பிரித்து, எண்ணெயும் வளையங்களும் மாற்றி, வால்வின் தகடுகளையும் தேவைக்கேற்ப அமைத்து மீண்டும் பூட்டத்தக்கவை. பிரித்துப் பூட்டும் கருவியும் நைட்ரஜனும் உள்ள பட்டறை அருகில் இல்லாதவருக்கு இரண்டாவது வழியின் சிறப்பு பயனற்றுப்போகிறது. பந்துமூட்டு கொண்ட முனைகள் துல்லியமானவை, ஆனால் தூசியிலும் உப்பிலும் விரைவில் தேய்ந்து கடகடக்கும். அன்றாட வண்டிக்கு ரப்பர் புஷ்ஷே நலம். அந்தப் புஷ்ஷின் போல்ட்டை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கினால், சக்கரம் தரையைத் தொட்டவுடன் ரப்பர் முறுக்கிக்கொண்டு சில மாதங்களில் கிழிந்துவிடும்; எடை முழுவதும் சக்கரங்களின்மேல் நிற்கும்போதுதான் இறுதி முறுக்கு தரப்பட வேண்டும். முன்தொகுப்பின் ஸ்பிரிங்கை அதற்குரிய கருவி இல்லாமல் கழற்றுவது உயிருக்கே ஆபத்து. பழுதை அறிய, வண்டியின் மூலையைக் கையால் அமுக்கிப் பார்க்கும் பழைய சோதனை பிக்கப்புக்கு அவ்வளவாக உதவாது, விறைத்த பட்டை கைக்கு அசையாது. உடலில் வழியும் எண்ணெய்க் கோடும், டயரில் அலையலையாகத் தெரியும் தேய்மானமும், நிறுத்தும் தொலைவு நீள்வதுமே நம்பத்தக்க அடையாளங்கள். தண்டின் அருகே படியும் மெல்லிய எண்ணெய்ப் பூச்சை மட்டும் கண்டு மாற்றத் தேவையில்லை.

மேற்கண்டவற்றை வைத்துப் பார்த்தால், உயர்த்தப்படாத, பெரும்பாலும் தார்ச்சாலையில் ஓடும், பாதிச் சுமையைத் தாண்டாத பிக்கப்புக்கு பில்ஸ்டைன் 4600, கயாபாவின் ஒற்றைக்குழாய் வகைகள் போன்ற மூல நீளத்து ஷாக் அப்சார்பர்களே போதுமானவை. சுமை அடிக்கடி மாறும் வண்டிக்குக் குமிழ் வைத்த வகை ஏற்றது. எடை நிரந்தரமாகக் கூடிய வண்டிக்கு ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தொகுப்பு வேண்டும். தனிக் கலமும் உள்வழிகளும் நீண்ட மண்பாதைகளில் வேகமாக ஓடுவோருக்கு மட்டுமே விலைக்கு ஏற்ற பயன் தரும். எதை வாங்குவதாயினும், வழக்கமான சுமையுடன் வண்டியை எடைமேடையில் ஏற்றி முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியே நிறுத்து, அந்த இரண்டு எண்களையும் எழுதி எடுத்துக்கொண்டு கடைக்குச் செல்ல வேண்டும். அவற்றைக் கேட்காமலே பொருளை எடுத்து நீட்டும் கடையில் வாங்காமல் திரும்புவது நல்லது.